கழன்ற செருப்பு

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மாலை. சோரியாங்குப்பத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கழனியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றொரு காலில் இல்லை. "என்ன ஐயா, ஒற்றைச் செருப்பை யாருக்குத் தானம் செய்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்துத் திடுக்கிட்டார். "அட! எங்கே கழன்றதென்றே தெரியவில்லையே, வாத்தியாரே!" என்றார். இருவரும் சிரித்தோம். அது சிரிக்கத்தக்க விஷயமன்று என்பது பிறகுதான் விளங்கிற்று. அவருக்குப் பத்து வருஷமாக நீரிழிவு. உள்ளங்காலில் உணர்ச்சி அற்றுப்போயிருந்தது.

இரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் மிகுந்து நின்றால் நரம்புகளும், அவற்றுக்கு ஊட்டமளிக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. உடம்பில் மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆகையால் கேடு கால்விரல்களில்தான் முதலில் தலைகாட்டும். சிலருக்கு எரிச்சல், சிலருக்கு மதமதப்பு. வேறு சிலருக்கோ ஒன்றுமே தெரிவதில்லை. அபாயம் மிகுந்தது இவர்கள் நிலைமையே. முள் தைத்தாலும் அறியார். புண் புரையோடிய பின்பே கண்ணில் படும். வலியை நாம் சத்துரு என்று எண்ணுகிறோம். உண்மையில் அது நம் வாசற்காவலன்.

இது யாரோ சிலருடைய துன்பமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் தேசத்தில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு. வயது வந்தோரில் கோவாவில் நூற்றுக்கு 26.4 பேர், அதற்கு அடுத்தபடி நமது புதுச்சேரியில் 26.3 பேர். நாலு பேரில் ஒருவர்!

இத்தகைய வியாதிக்கு ஊர்தோறும் மருந்து சொல்பவர்கள் உண்டு. "இன்னாருக்குக் குணமாயிற்று" என்பதே அவர்கள் காட்டும் சாட்சி. ஒரு பையன் வல்லாரைக் கீரை தின்று பரீட்சையில் தேறினால், தாயார் கீரையைத்தான் புகழ்கிறாள். கீரை தின்னாமலே அவன் தேறியிருக்க மாட்டானா? அதை அறிய வேண்டுமானால், ஒத்த தரமுள்ள பல பிள்ளைகளைச் சீட்டுப் போட்டு இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் கீரை கொடுத்துப் பார்க்க வேண்டும். மருத்துவ ஆராய்ச்சியின் சாரமும் இதுவே.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் இம்முறையைக் கைக்கொண்டார்கள். நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். முதற் பிரிவுக்கு வழக்கமான யோசனை மட்டும்; இரண்டாவதற்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும்; மூன்றாவதற்கு மெட்பார்மின் மாத்திரை; நான்காவதற்கு இவையெல்லாம் சேர்த்து. முடிவு 2006-இல் வெளியாயிற்று. மூன்று வருஷக் கணக்கில், முதற் பிரிவில் நூற்றுக்கு 55 பேரை நோய் பற்றியது. மற்ற மூன்றிலும் ஏறக்குறைய 40 பேரைத்தான். மாத்திரை செய்த வேலையை நடையும் பத்தியமும் செய்துவிட்டன!

நோய் வந்துவிட்டவர்களுக்கு என்ன வழி? இன்சுலினையே நம்பி வாழும் வகையைச் சேர்ந்த 1,441 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த சோதனையின் முடிவு 1993-இல் வெளிவந்தது. சர்க்கரையை இறுகக் கட்டுப்படுத்திய பிரிவில் நரம்புக் கேடு 60 சதவிகிதம் குறைந்திருந்தது. நம்மில் பெரும்பாலோரைப் பற்றும் மற்ற வகை நீரிழிவிலோ இத்தனை பலன் காணப்படவில்லை. பட்டுப்போன நரம்பைத் துளிர்க்கச் செய்யும் மருந்தும் இன்னும் கைகூடவில்லை. இருக்கும் மாத்திரைகள் எரிச்சலையும் வலியையும் தணிப்பவையே. ஆகையால் வருமுன் காப்பதும், வந்தபின் பாதத்தைப் பேணுவதுமே நம் கையில் உள்ளவை.

எங்கள் பெரியவரின் பாதத்தை வைத்தியர் ஒரு நைலான் இழையால் தொட்டுச் சோதித்தார். பத்துக் கிராம் விசையில் வளையும் இழை அது. பட்ட இடம் பலவற்றிலும் அவருக்குத் தெரியவில்லை. இப்பொழுது அவர் வெறுங்காலுடன் வரப்பில் இறங்குவதில்லை. செருப்பை உதறிப் பார்த்தே அணிகிறார். இரவில் பேத்தி விளக்கருகே உட்கார்ந்து தாத்தாவின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துச் சொல்கிறாள். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகிறது. நீரிழிவுள்ள பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்தால், இன்றிரவே அதைத் தொடங்கலாம் அல்லவா?