தேனைக் கொட்டி மறைக்காதீர்கள்!

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்க் குளிரில், பச்சைத் தேயிலையை நம் டீ மாதிரியே கொதிக்க விட்டேன், சகோதரிகளே. ஒரே கசப்பு! மலைவாசிகள் காட்டில் தேடி எடுத்த தேனை அதில் கொட்டியும் பயனில்லை.

தப்பு இலையில் இல்லை. சீனாவில் ஹாங்சௌ ஏரிக்கரையில் விளையும் 'லோங்ஜிங்' இலையைப் பறித்த அன்றே இரும்புச் சட்டியில் கையால் வறட்டுவது வழக்கம். அதனால்தான் பச்சை மாறாமல், வறுத்த பருப்பு வாசனையோடு இருக்கிறது. கொதிக்கிற ஜலம் பட்டால் துவர்ப்பும் கசப்பும் ஏறிவிடும்.

ஜலம் கொதித்ததும் இறக்கி ஐந்து நிமிஷம் ஆற விடுங்கள். டம்ளருக்கு ஒரு சின்ன ஸ்பூன் இலை, இரண்டே நிமிஷம், வடிகட்டிவிடுங்கள். பால் வேண்டாம். அதே இலைக்கு மறுபடி ஜலம் விடலாம்.

காபி வீட்டு மாமியார் "வெந்நீரா?" என்பார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தேன் மிச்சம், தோசைக்கு ஆயிற்று!