டொமினிக்காவை அழித்த 'சிறிய' புயல்

கரீபியன் தீவுகளை நோக்கிப் புயலொன்று நகர்கின்றது என்ற செய்தி வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது காற்றின் வேகத்தைத்தான். மணிக்கு 63 கிலோமீற்றரை எட்டினால் அதற்குப் பெயர் சூட்டப்படும். 119 ஐ எட்டினால் அது சூறாவளி. அதற்கு மேல் ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிக்கப்படும். அட்லாண்டிக் பிராந்தியத்தில் பயன்படுத்தப்படும் இந்த அளவுகோல் 2010 ஆம் ஆண்டிலிருந்து காற்றை மட்டுமே கணக்கில் எடுக்கின்றது. மழையைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. ஆனால், தமது உயிருக்கு வரக்கூடிய ஆபத்தையே அந்த ஓர் எண்ணைக் கொண்டு எடைபோடுவதற்கு மக்கள் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள்.

இது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்பதை 2015 ஆகஸ்ட் 27 ஆம் திகதி டொமினிக்கா கண்டுகொண்டது. (டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. செய்தி அறைகளில் இரண்டையும் குழப்பிக்கொள்வது இன்றும் தொடர்கின்றது.) சுமார் 750 சதுர கிலோமீற்றர் பரப்பளவும் ஏறத்தாழ எழுபதாயிரம் மக்களும் கொண்ட எரிமலைத் தீவு அது. அதன் மிக உயர்ந்த சிகரம் 1,400 மீற்றருக்கும் அதிகமான உயரமுடையது. அன்று அத்தீவைக் கடந்து சென்ற 'எரிக்கா' சூறாவளி அல்ல. வெறும் வெப்பமண்டலப் புயல். அதன் மையம் கூட டொமினிக்காவைத் தொடவில்லை. வடக்கே குவாதலூப் பக்கமாகவே சென்றது. 1979 ஆம் ஆண்டின் 'டேவிட்' சூறாவளி கூரைகளைப் பிடுங்கி எறிந்ததைப் பார்த்த ஒரு தலைமுறைக்கு எரிக்கா ஒரு பொருட்டாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவ்வாண்டு கரீபியன் பிராந்தியம் வரட்சியாலும் வாடிக்கொண்டிருந்தது.

கேன்ஃபீல்டில் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்குள் 320 மில்லிமீற்றர் மழை பதிவாகியது. செங்குத்தான ஒரு சிறிய தீவில் இதற்கு என்ன அர்த்தம் என்பதைச் சமவெளியில் வாழ்பவர்கள் எளிதில் உணரமாட்டார்கள். பெரிய நாடொன்றில் மலையில் பெய்யும் மழை சமவெளியை வந்தடைய ஒரு நாளோ இரண்டு நாட்களோ செல்லும். அறிவித்தல் கொடுக்கவும் ஆட்களை அப்புறப்படுத்தவும் அவகாசம் இருக்கும். டொமினிக்காவின் ஆறுகளோ மலைமுகட்டிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலேயே கடலில் விழுகின்றன. ஊர்கள் அந்த ஆறுகளின் வாயிலும், சரிவுகளின் அடியிலும் இருக்கின்றன. வேறு தட்டையான நிலம் அங்கு இல்லை. பிரதான விமானநிலையம் கூட ஆற்றோரத்தில்தான் அமைந்திருந்தது. அதுவும் வெள்ளத்தில் மூழ்கியது.

சுமார் 30 பேர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். பே எண்ணெய் வடிப்புக்குப் பெயர்பெற்ற தென்கிழக்குக் கிராமமான பெற்றீற் சவான் மண்சரிவுகளால் சிதைந்து, வாழத் தகுதியற்றது என்று கைவிடப்பட்டது. வீதிகள் அறுந்துபோயிருந்ததால் அங்கிருந்தவர்களைக் கடல் வழியாகவும் ஆகாய வழியாகவும் வெளியேற்றவேண்டியிருந்தது. இழப்பு சுமார் 48 கோடி அமெரிக்க டொலர் என்று மதிப்பிடப்பட்டது. அது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதம். நாட்டின் அபிவிருத்தி இருபது ஆண்டுகள் பின்தள்ளப்பட்டுவிட்டதாகப் பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் கூறியதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்கிவிட முடியாது.

இவற்றையெல்லாம் விட என்னைச் சிந்திக்க வைத்தது காப்புறுதி விவகாரம். கரீபியன் நாடுகளின் கூட்டு அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தில் டொமினிக்கா சூறாவளிக்கென ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தது. காற்று போதாது என்பதால் அதிலிருந்து ஒரு சதமும் கிடைக்கவில்லை. மிகை மழைக்கென்று தனியாக எடுத்திருந்த ஒப்பந்தத்திலிருந்து 24 இலட்சம் டொலர் கிடைத்தது. 48 கோடிக்கு 24 இலட்சம்! மக்களை ஏமாற்றிய அதே காற்றுக் கணக்கு கஜானாவையும் கைவிட்டது. பின்னர் எரிக்கா என்ற பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சூறாவளி நிலையை எட்டாமலேயே அட்லாண்டிக்கில் பெயர் நீக்கப்பட்ட புயல்களில் அது இரண்டாவது. முதலாவது 2001 ஆம் ஆண்டின் 'அலிசன்'.

இலங்கையர்களுக்கு இது தூரதேசத்துக் கதை அல்ல. சூறாவளி என்றால் 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய காற்றைத்தான் எமது மக்கள் இன்னமும் நினைக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' காற்றைப் பொறுத்தவரை கடுஞ்சூறாவளி என்ற தரத்தை எட்டவில்லை. ஆனால், 600 க்கும் அதிகமானோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளோடு சேர்ந்து இறங்கின. கரையிலிருந்து வெகுதூரத்தில், காற்று ஒரு பிரச்சினையாகவே இல்லாத இடங்களில் மக்கள் புதையுண்டார்கள்.

காற்றின் வேகத்தை மாத்திரம் கூறாமல் அது எந்த இடத்தில் என்ன செய்யும் என்பதைக் கூறுமாறு உலக வளிமண்டலவியல் அமைப்பு வழிகாட்டல்களை வெளியிட்டதும் 2015 ஆம் ஆண்டில்தான். அறிவியலில் குறையில்லை. அது அறிவித்தலாக மாறி, மொழிபெயர்க்கப்பட்டு, தலைப்பாகச் சுருக்கப்படும் வழியில்தான் எல்லாம் உதிர்ந்துபோகின்றது. குறிப்பாக, 'புயல் பலவீனமடைந்தது' என்ற தலைப்பைப் பத்திரிகைகள் முற்றாகக் கைவிடவேண்டும் என்பது எனது உறுதியான அபிப்பிராயம். பலவீனமடைவது காற்று. மெதுவாக நகரும் தளர்ந்த புயல் ஒரே மலையின் மீது மணிக்கணக்காக நின்று பெய்யக்கூடியது. சரிவின் அடியில் குடியிருப்பவர் அந்தத் தலைப்பை வாசித்துவிட்டு, அன்றிரவு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கோ கோவிலுக்கோ போவதா, வீட்டிலேயே படுப்பதா என்று தீர்மானிக்கிறார்.