இழப்பீடு கொடையன்று, குடிமக்கள் உரிமை!

விடியற்காலையில் தானி ஓட்டப் புறப்படும் ஓர் உழைப்பாளியைக் காவலர் வழிமறிக்கின்றனர். தேடப்படும் ஒருவனின் பெயரும் அவன் பெயரும் ஒன்றாக இருக்கின்றன. அல்லது, குற்றத்திற்குப் பயன்பட்டதாகச் சொல்லப்படும் ஊர்தியின் எண்ணுக்கும் அவன் ஊர்தியின் எண்ணுக்கும் ஓர் எழுத்துத்தான் வேற்றுமை. அவ்வளவே! அவன் தளைப்படுத்தப்படுகிறான், அவன் தானி பறிமுதலாகிறது. சில நாள் கழித்து, 'ஆள் மாறிப்போயிற்று, போ' என்னும் ஒரு சொல்லோடு வெளியே அனுப்பப்படுகிறான். ஊர்தியோ உடன் வருவதில்லை. காவல்நிலைய முற்றத்தில் மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, துருவேறிக் கிடக்கிறது. கடன்தவணை மட்டும் நாள் தவறாமல் வந்து நிற்கிறது. தெருவார் பார்வையில் ஏறிய ஐயமும் இறங்குவதில்லை.

இத்தகைய நிலையில் எழும் வினா ஒன்றே: பிழை செய்தது அரசு, இழந்தவன் குடிமகன், அவ்விழப்பை ஈடுசெய்ய வேண்டியவர் எவர்?

காவலரும் மாந்தரே, அவர்க்கும் பிழை நேரும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால், கடைக்காரன் எடை தவறினால் ஈடு தருகிறான். ஓட்டுநன் மோதினால் ஈடு தருகிறான். அரசு தவறினால் மட்டும் அது விதியென்று விட்டுவிட வேண்டுமென்பது எந்த அறநூலில் உள்ளது?

இதற்குச் சட்டம் தரும் விடையைக் கேட்டால் நகைப்பும் சினமும் ஒருங்கே எழும். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 358ஆம் பிரிவில், போதிய கரணியமின்றித் தளைப்படுத்தப்பட்டவர்க்கு 100 உருபாவுக்கு மேற்படாத இழப்பீடு வழங்கலாம் என்றது. பின்னர் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 1,000 உருபாவாக்கியது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டமோ, தன் பெயரையும் 'பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா' எனத் தமிழர் வாயில் நுழையாதவாறு வைத்துக்கொண்டு, 399ஆம் பிரிவில் அதே 1,000 உருபாவையே எழுதி வைத்திருக்கிறது. அந்த ஆயிரத்தையும் தரவேண்டியவர் காவல்துறையினர் அல்லர். தளைப்படுத்தத் தூண்டிய முறையீட்டாளரே. காவலர் தாமே செய்த பிழைக்கு அப்பிரிவில் ஒரு செல்லாக்காசுக்கும் வழியில்லை!

இந்நிலையின் வேர் பழையது. 1947 செபுதம்பரில், அமிர்தசரசைச் சேர்ந்த பொன் வணிகர் ஒருவரை மீரத்து நகரில் காவலர் ஐயத்தின்பேரில் பிடித்தனர். அவரிடமிருந்த 103 தோலாவுக்கு மேற்பட்ட பொன்னையும், வெள்ளியையும் பறிமுதல் செய்தனர். மறுநாளே அவர் பிணையில் வெளிவந்தார். வெள்ளியும் பின்னர்த் திரும்பியது. பொன்னோ, அதனைக் காத்திருக்க வேண்டிய தலைமைக் காவலரோடு பாக்கித்தானுக்குப் போய்விட்டது. வழக்கு 1964இல் இந்திய உச்ச முறைமன்றத்தில் முடிந்தபொழுது, காவலர் கடமை தவறியது உண்மையே என்று ஒப்புக்கொண்ட அம்மன்றம், தளைப்படுத்தலும் பறிமுதலும் அரசின் இறையாண்மைச் செயல்கள். ஆதலின் அரசு ஈடு தர வேண்டியதில்லை என்று தீர்த்தது. இந்த இறையாண்மைப் பாகுபாடு, வெள்ளையராட்சியில் 1861ஆம் ஆண்டுக் கல்கத்தாத் தீர்ப்பொன்றில் தோன்றியது. ஆண்டவன் போனபின்னும் அவன் விட்டுச்சென்ற சவுக்கு போகவில்லை!

தமிழ்மண் அறிந்த அரசியல் வேறு. ஒற்றைச் சிலம்பைக் கண்டு, உசாவாது, கோவலனைக் கள்வனென்று கொல்வித்தான் பாண்டியன். கண்ணகி வழக்குரைத்துத் தன் சிலம்பின் பரலைக் காட்டியபொழுது, அவன் இறையாண்மை பேசவில்லை. தான் தவறியதை அரசவை அறிய ஒப்பி, அரியணையிலேயே உயிர்நீத்தான். அரசு பிழைக்குப் பொறுப்பேற்பதே செங்கோன்மை என்பது இங்கு ஈராயிரம் ஆண்டாகச் சொல்லப்பட்டு வரும் அறம்.

உச்ச முறைமன்றமும் பின்னாளில் மெல்ல மனம் மாறிற்று. 1968இலேயே குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டும் 14 ஆண்டுக்கு மேல் பீகார்ச் சிறையில் கிடந்த ஒருவர்க்கு, முன்பு தந்த 5,000 உருபாவோடு மேலும் 30,000 உருபா தருமாறு 1983இல் ஆணையிட்டது. சம்மு காசுமீரில் சட்டமன்றத்துக்குச் செல்லவொட்டாமல் தடுத்து அடைக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்க்கு 1985இல் 50,000 உருபா வழங்கியது. 1993இல், ஒரிசாவில் காவலில் மாண்ட இளைஞனின் தாய்க்கு 1,50,000 உருபா வழங்கி, அடிப்படையுரிமை பறிபோன இடத்தில் இறையாண்மைக் காப்பு செல்லாது என்று தெளிவாகக் கூறியது.

எனினும், இவ்வாறு ஈடு பெறுவதற்கு உயர் முறைமன்றமும் உச்ச முறைமன்றமும் வரை செல்லும் ஆற்றல் வேண்டும். 1994 நவம்பரில் பொய்யான உளவு வழக்கில் தளைப்பட்ட ஏவூர்தி அறிஞர் நம்பி நாராயணன் தமிழர், உலகறிந்தவர். அவர்மேற் சாற்றிய குற்றத்திற்கு அடிப்படையில்லை என நடுவண் புலனாய்வினர் 1996இலேயே கூறிவிட்டனர். அவர்க்கு 50 இலக்கம் உருபா வழங்குமாறு உச்ச முறைமன்றம் ஆணையிட்டதோ 2018 செபுதம்பரில்! புகழ்பெற்ற அறிஞர்க்கே 24 ஆண்டு என்றால், தானி ஓட்டுபவனுக்கு எத்தனை பிறவி?

சட்டமியற்ற வேண்டியவர்கள் செய்தது என்ன? அரசின் பொறுப்பை வரையறுக்க 1956இலேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 1965இலும் 1967இலும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பெற்ற சட்டமுன்வரைவுகள் சட்டமாகாமலே மறைந்தன. தவறான வழக்குத் தொடுப்பால் நொந்தவர்க்கு ஈடு வழங்கத் தனிச்சட்ட வழிவகை வேண்டுமென அதே ஆணையம் 2018இல் மீண்டும் கூறியது; அதுவும் ஏட்டோடு நின்றது. முறைகேடான தளைக்கு ஈடு தரவேண்டுமென்னும் பன்னாட்டு உடன்படிக்கையில் 1979இல் இணைந்தபொழுதே, அத்தகைய உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லையென விலக்குச் சொல்லித்தான் இந்திய அரசு கையெழுத்திட்டது.

சட்டம் வருமளவும் மக்கள் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. தளைக்குரிய கரணியத்தை அவரவர் அறிந்த மொழியில் எழுத்தாகத் தரவேண்டும் என 2025 நவம்பரில் உச்ச முறைமன்றம் தீர்த்துள்ளது. தமிழன் அதனைத் தமிழிலேயே கேட்டுப் பெறுக! ஊர்தி பறிமுதலானால் அதற்குரிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குக! ஊர்திகளைக் காவல்நிலையத்தில் நெடுநாள் போட்டுவைத்தல் பயனற்றது, உரியவரிடம் பிணைமுறி பெற்று ஒப்படைக்க என 2002இலேயே அம்மன்றம் கூறியுள்ளது. எனவே, குற்றவியல் நடுவரிடம் உடனே விண்ணப்பம் செய்க! முறையற்ற அடைப்புக்கு ஈடு கேட்டு உரிமையியல் வழக்குத் தொடர விடுதலையான நாளிலிருந்து ஓராண்டே எல்லை; அரசின்மேல் வழக்கிட இரண்டு திங்கள் முன்னறிவிக்கையும் வேண்டும். காலத்தைக் கைவிட்டவன் உரிமையையும் கைவிட்டவனே.

எனினும் தனியொருவன் போராட்டம் நாட்டின் முறைகேட்டைத் திருத்திவிடாது. பிழையாய்த் தளைப்பட்டவர்க்கு அவர் இழந்த நாட்கூலியும், ஊர்தி நின்ற நாளின் வருவாயும், ஊர்திக்கு நேர்ந்த கேடும் கணக்கிட்டு, குறித்த நாளுக்குள் அரசே தருதல் வேண்டும். கடமை தவறிய அலுவலர் ஊதியத்தினின்று அதனை அரசு மீட்டல் வேண்டும். 'இவர் குற்றமற்றவர்' என்று காவல்துறையே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். பொருளிழப்பைப் பொருளால் ஈடுசெய்யலாம். மானத்தை அவ்வெழுத்தொன்றே ஓரளவு மீட்கும்.

பிடிப்பதற்கு ஒரு நொடியும், பிழையை ஒப்புவதற்கு ஒரு தலைமுறையும் எடுத்துக்கொள்ளும் அரசு, குடிமக்களுக்குக் காவலாகாது. ஈடு கேட்பவன் இரந்து நிற்பவன் அல்லன்; தன்னிடமிருந்து பறித்ததைத் திருப்பிக் கேட்பவன். அவன் குரல் தனிக்குரலாய் ஒலித்துத் தேய்ந்துவிடாமல், ஊர்க்குரலாய் எழுக!