மூன்றாவது புசல்

இலங்கையில் 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்குத் தொடங்கி 8.05க்கு முடிந்த நாடளாவிய விலங்குக் கணக்கெடுப்பின் பெறுபேறு வெளிவந்ததும் எல்லோர் வாயிலும் அடிபட்டது. குரங்கு 50 லட்சத்துக்கு மேல், மயில் 40 லட்சத்துக்கு மேல். சனத்தொகையோடு வகுத்துப் பார்த்தால் ஐந்து பேருக்கு ஒரு மயில். கொழும்பில் கொம்பனித்தெருவின் பங்கில் எங்கள் கண்ணுக்குத் தட்டுப்பட்டது சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலின் மயில் வாகனம் மட்டும்தான்.

எண்ணிய முறையின் ஓட்டைகளை விலங்கியலாளர்கள் ஏற்கெனவே பிரித்துப் போட்டுவிட்டார்கள். வேலியில் நின்ற ஒரே மயிலை இந்தப் பக்கத்தாரும் அந்தப் பக்கத்தாரும் எழுதியிருப்பார்கள் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்வோம். கேள்வி வேறு: இந்த எண்ணைக் காட்டிச் சுட அனுமதி கொடுக்கலாமா? கூடாது என்பதே இந்த இதழின் நிலைப்பாடு.

மயில் முருகனின் வாகனம் என்பதால் இதைச் சொல்லவில்லை. (அந்தத் தயக்கம் நம் கமக்காரரிடம் உண்டு. இரண்டு ஏக்கர் கச்சான் கிளறப்பட்ட மறுநாள் அது கொஞ்சம் தளரும்.) 2023இல் குரங்கு, மயில், காட்டுப்பன்றி ஆகியவற்றின் பாதுகாப்பை நீக்குவதாக அன்றைய அரசு சொன்னபோதே கேட்டிருக்க வேண்டியவை கேட்கப்படவில்லை. எதனால் கொல்வது? எந்தப் போகத்தில்? யார் மேற்பார்வையில்? வடக்கு கிழக்கில் உரிமம் பெற்ற துவக்குகள் போர்க்காலத்தில் கைவிட்டுப் போனது நமக்குத் தெரியும். துவக்கு இல்லாதவன் கையில் மிஞ்சுவது மின்கம்பி, நஞ்சு, ஹக்கப்பட்டாஸ் என்னும் வாய்வெடி. பன்றிக்கு வைத்த ஹக்கப்பட்டாஸ் யானைக்கன்றின் வாயில் வெடிப்பதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்!

இந்தக் கேள்விகளைக் கேட்ட இடமும் உண்டு. இங்கிலாந்தில் விதைத்த வயலுக்கு வரும் காட்டுப்புறாவை மறைவிடம் கட்டி, பொய்ப்புறா வைத்துச் சுடுவது வழக்கம். 2019 ஏப்ரலில் ஒரு சட்டச் சவாலை அடுத்து அதற்கான பொது உரிமங்கள் திடீரென மீளப்பெறப்பட்டன. வசந்த விதைப்பு நடக்கும் நேரம்; பெரும் கூச்சல் எழுந்தது. சில வாரங்களுக்குள் இனவாரியாகப் புதிய உரிமங்கள் வந்தன. எந்தப் பறவை, எந்தத் தேவைக்கு, கொல்லாமல் விரட்டும் வழிகள் முயலப்பட்டனவா என்றெல்லாம் அவற்றில் எழுத்தில் இருந்தது. அவர்கள் அங்கே புறாக்களின் தலையை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பயிருக்கு என்ன சேதம் என்று கேட்டார்கள்.

நம் கணக்கெடுப்புப் படிவத்தில் குரங்கு, மந்தி, மர அணில், மயில் என நான்கு இனங்கள் இருந்தன. புள்ளிப்புறா இல்லை. விதைப்பின் பின்னான முதல் வாரமும் இல்லை. விதைப்பில் பறவை செய்யும் சேதத்தை அளக்க வேண்டும் என்று இந்த மேசையிலிருந்து நெடுங்காலமாகச் சொல்லி வருவதால் சில வாசகர்களுக்குச் சலித்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னுமொரு முறை சொல்லத்தான் போகிறோம்.

கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ பெரும்போகத்துக்குப் புழுதி விதைப்புச் செய்தவரைக் கேளுங்கள். மழை பிந்தினால் நெல் காய்ந்த மண்ணில் அப்படியே கிடக்கும். விடியலில் புறா, வெயில் ஏற மயில். சேற்று விதைப்பில் தண்ணீரை வடித்துவிட்டு முளைகட்டிய நெல்லை வீசிய வயல், பறவைக்கு விரித்த பந்திப்பாய்தான். வெருளி இரண்டு நாளில் பழகிப் போகும். தகரம் தட்டப் பிள்ளைகளும் இல்லை; பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், போகத்தான் வேண்டும்.

ஆகவே கமக்காரர் என்ன செய்கிறார்? ஏக்கருக்கு இரண்டு புசல் என்று விவசாயப் போதனாசிரியர் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் மோட்டார் சைக்கிள் திரும்பியதும் மூன்றாவது புசலும் வயலில் விழுகிறது. விதை வீணாக்குகிறார்கள் என்று நாமே அறிக்கைகளில் எழுதியிருக்கிறோம். பறவைகள் வராத வயல்களில் அந்த மேலதிக விதை அடர்ந்து முளைத்து நோயையும் கூட்டுகிறது, உண்மைதான். ஆனாலும் நாட்டின் பறவைச் சேதக் கணக்கு அந்த மூன்றாவது புசலில்தான் இருக்கிறது. நாம் அறிந்தவரை அதை எந்த அலுவலகமும் அளந்ததில்லை. வெள்ளம், வறட்சி, காட்டு யானை என்றால் பயிர்க் காப்புறுதியில் இழப்பீடு உண்டு. புறா பொறுக்கிய விதையையும் மறுவிதைப்புக் கூலியையும் எந்த நிரலில் எழுதுவது?

காப்புறுதிப் படிவத்தில் அந்த ஒரு நிரலைச் சேர்க்கும்படி கேட்டு நாம் எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. பதில் வந்தது ஒரு தடவைதான். கடிதம் கிடைத்தது, உரியவர்களுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று தனிச் சிங்களத்தில் இரண்டு வரி. உரியவர் யார் என்று அதில் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முழு நாட்டையும் முற்றத்தில் நிறுத்தி மயில் எண்ண வைக்க முடிந்தவர்களுக்கு ஒரு படிவத்தில் ஒரு கோடு போட நேரமில்லை.

இனிக் கேட்கப் போவதில்லை. வருகிற பெரும்போகத்தில் உங்கள் பிரிவில் பத்து வயல்களைத் தெரிந்தெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: வீசிய புசல், பறவை வந்த நாள், எந்தப் பறவை, பத்தாம் நாள் முளைப்பு, மறுவிதைப்புச் செலவு. படிவத்தை நாமே அச்சிட்டு அடுத்த இதழோடு வைக்கிறோம். சிங்களத்திலும்.