உலகத்தை விற்கலாமா?

கோவில் கட்டிடத்தைப் பழுது பார்க்க வேண்டும். கையில் பணம் இல்லை. கோவிலில் ஒரு பழைய படம் இருக்கிறது. அதை விற்றால் ஏராளமான பணம் கிடைக்கும். விற்கலாமா? கூடாதா?

இங்கிலாந்தில் ஹெரிபோர்டு என்ற ஊரில், 1988-ம் ஆண்டு இந்தக் கேள்வி எழுந்தது. அந்த ஊர் மாதா கோவிலில் இருப்பது சாதாரணப் படம் அல்ல. சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் வரைந்த உலகப் படம்!

ஒரே ஒரு கன்றுக்குட்டியின் தோலில் அதை வரைந்திருக்கிறார்கள். உயரம் 5 அடிக்கு மேல். அகலம் 4 அடிக்கு மேல். கிழக்குத் திசை மேலே இருக்கிறது. நடுவில் ஜெருசலேம். இந்தியா இருக்கும் பக்கத்தில், முதுகில் கோட்டையைச் சுமந்து ஒரு யானை நிற்கிறது. ஒற்றைக் கால் மனிதன் ஒருவன், தன் பெரிய பாதத்தையே குடையாகப் பிடித்துப் படுத்திருக்கிறான்!

தப்பான படமா?

இந்தப் படத்தைப் பார்த்து யாரும் வழி கண்டுபிடிக்க முடியாது. ஐரோப்பா என்று எழுத வேண்டிய இடத்தில் ஆப்பிரிக்கா என்றும், ஆப்பிரிக்கா என்று எழுத வேண்டிய இடத்தில் ஐரோப்பா என்றும் பொன் எழுத்தில் எழுதியிருக்கிறது.

"தப்பான படம்தானே, போகட்டும்" என்று சொல்லிவிடலாமா? கூடாது. அது ஊருக்கு வழி சொல்லும் படம் அல்ல. அக்காலத்து மக்களின் பக்தி, பயம், ஆசை எல்லாவற்றையும் காட்டும் படம்.

எரிந்த படம்

ஜெர்மனியில் எப்ஸ்டார்ப் என்ற ஊரில் உள்ள கன்னியர் மடத்தில், இதைவிடப் பெரிய படம் ஒன்று இருந்தது. 30 ஆட்டுத் தோல்களைத் தைத்துச் செய்தது. உலகத்தையே ஏசுநாதரின் உடலாக வரைந்திருந்தார்கள். மேலே அவருடைய தலை, இரு பக்கமும் கைகள், கீழே பாதங்கள். பிற்காலத்தில் அதை ஹானோவர் நகருக்குக் கொண்டு போனார்கள். 1943-ல் நடந்த குண்டு வீச்சில் படம் சாம்பலாயிற்று. மடமோ இன்றும் அப்படியே இருக்கிறது!

நல்ல வேளையாகப் பிரதிகள் இருந்தன. கிரேசன் பெர்ரி என்ற ஆங்கில ஓவியர், 2008-ல் அந்தப் படத்தின் பாணியில் "எங்கும் இல்லாத நாட்டின் வரைபடம்" என்ற சித்திரத்தைச் செய்தார். ஏசுநாதரின் உடல் இருந்த இடத்தில் தன் உடலையே வரைந்தார். "இக்கால மனிதன் தன்னையே உலகத்தின் நடுவில் வைத்துக்கொள்கிறான்" என்று அது இடித்துக் காட்டுவதுபோல இருக்கிறது. பழைய படம் இல்லாவிட்டால் இந்தப் புதிய சித்திரம் ஏது?

பிரதி போதாதா?

"பிரதியே போதுமே, அசல் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஹெரிபோர்டு படத்தில் அந்த ஊரின் பெயர் இருக்கும் இடம் மட்டும் தேய்ந்து மங்கிக் கிடக்கிறது. "இதோ, நம்ம ஊர்!" என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் விரல் வைத்துக் காட்டியதால் தேய்ந்தது என்கிறார்கள். அந்த விரல்கள் தொட்டது அசலைத்தான். பிரதியை அல்ல.

கோவிலுக்குப் பணமுடை வந்தது உண்மை. பழுது பார்க்காவிட்டால் கட்டிடம் கெடும் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு வேறு வழி இருந்தது. விற்பனைச் செய்தி பரவியதும் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. பொதுமக்கள் நன்கொடை கொடுத்தார்கள். கோடீசுவரர் பால் கெட்டியும் உதவினார். விற்பனை நின்றது. 1996-ல் புதுக் கட்டிடம் திறந்து, படத்தை அங்கே வைத்தார்கள்.

பணம் போனால் மறுபடியும் திரட்டலாம். தலைமுறைகள் தொட்ட பொருள் போனால் போனதுதான். விற்பதற்கு முன் ஊரைக் கேளுங்கள். ஊர் கைகொடுக்கும்!