மாமன் பிடியும் மகள் கையும்

போன இதழில் எழுதிய கொள்ளுப் பருப்புக் கடைசல் நன்றாக வந்ததாகப் பல சகோதரிகள் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். காரணம், தாராபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்ன அழுகை.

என் மகளுக்கு வயது 14. டியூஷன் விட்டு வரும்போது எவனோ ஒருத்தன் இரண்டு நாள் வண்டியில் பின்னாலேயே வந்தான் என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அவள் அப்பா ஒரு வாரம் கூடவே போய் வந்தார். அப்புறம் அவனைக் காணோம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கராத்தே வகுப்பில் சேர்த்துவிட்டோம். "இனி எவன் வந்தாலும் ஒரு குத்து விட்டாப் போதும் கண்ணு" என்று பெருமையாகச் சொன்னது நான்தான்.

நாலு மாதம் கழித்துக் காங்கயத்திலிருந்து என் தம்பி வந்தான். கொப்பரைக் களத்தில் மூட்டை தூக்கி உரமேறிய உடம்பு. எடை 82 கிலோ. இவள் 41. "எங்க சாமி, மாமன் கைய விடுவிச்சுக்கோ பாக்கலாம்" என்று மணிக்கட்டைப் பிடித்தான். இழுத்தாள், முறுக்கினாள், குத்தியும் பார்த்தாள். அவன் இன்னொரு கையால் காபி குடித்துக்கொண்டிருந்தான். விளையாட்டுத்தான். ஆனால் பிள்ளை உள்ளே போய்ப் படுத்து அழுதாள். "ஏம்மா, நீ சொன்னதெல்லாம் பொய்யா?"

யோசித்துப் பார்த்தால் பொய்தான், சகோதரிகளே. உடம்பு பெரிதாக இருப்பது சண்டையில் முக்கியமில்லை என்றால் மல்யுத்தத்தில் எதற்கு எடை போடுகிறார்கள்? 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட்டுக்கு நடந்தது நினைவிருக்கும். வெளிநாட்டு வீராங்கனை யாரிடமும் தோற்றதே இல்லாத ஜப்பானின் யுய் சுசாகியை 50 கிலோ பிரிவில் ஜெயித்து, இறுதிப் போட்டி வரை வந்தார். மறுநாள் காலை தராசில் 100 கிராம் கூடுதல். தகுதி போய்விட்டது. 100 கிராம் என்றால் நம் வீட்டில் ஒரு வேளை சாம்பாருக்குப் போடும் பருப்பு! இங்கே ரேக்ளாவில்கூடச் சின்னக் காளையையும் பெரிய காளையையும் ஒன்றாக விடுவதில்லையே.

"சின்ன ஆள் பெரிய ஆளைச் சாய்க்கலாம்" என்பதும் முழுப் பொய் இல்லை. 1882-ல் டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ சின்ன உருவம்தான். பள்ளியில் பெரிய பையன்களிடம் அடிபட்டதால்தான் கலை கற்கவே போனார். எதிராளி தள்ளும் வேகத்தையே வைத்து அவனைச் சாய்க்கும் வித்தை அது. ஆனால் 1964-ல் அதே டோக்கியோவில் ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது, எடை வரம்பில்லாத பிரிவில் தங்கம் வாங்கியது ஜப்பான்காரர் அல்ல. ஆன்டன் கீசிங்க் என்ற ஹாலந்துக்காரர், ஆறரை அடி உயரம், அகியோ கமினாகாவைத் தரையில் அமுக்கிப் பிடித்துவிட்டார். வித்தை தெரியாத முரடனிடம் வித்தை ஜெயிக்கும். இரண்டு பேருக்கும் தெரிந்தால் உயரமும் எடையும் திரும்ப வந்து நின்றுகொள்கின்றன.

இதில் பெண்களுக்கு இன்னொரு சங்கடம். சராசரியாக நம் தோள், கைகளின் பலம் ஆண்களுடையதில் பாதி, அல்லது சற்றுக் கூட. கால் பலமோ மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. ஆக, கையோடு கை மல்லுக்கு நிற்பது நமக்கு நஷ்டக் கணக்கு.

அவள் மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "அடிச்சு ஜெயிக்கச் சொல்லித் தர்லீங்க. கைய உருவிக்கிட்டு ஓடத்தானுங்க" என்றார். வழியையும் காட்டினார். பிடியில் நாலு விரல் ஒரு பக்கம், கட்டை விரல் மட்டும் எதிர்ப்பக்கம். அவை சந்திக்கும் இடம்தான் பிடியின் வாசல். நம் மணிக்கட்டின் ஒல்லியான ஓரத்தை அந்த வாசலுக்குத் திருப்ப வேண்டும். பின்னால் இழுத்தால் அது அவன் எடையோடு கயிறு இழுக்கும் போட்டி. அதனால் முழங்காலை மடக்கி ஓர் அடி முன்னால் வைத்து, முழங்கையை அவன் பக்கம் கொண்டுபோய், இடுப்போடு திரும்பிக் கையை நம் தோளுக்கு உருவ வேண்டும். அவன் இரண்டு கையாலும் பிடித்திருந்தால் நம் மற்றக் கையை நடுவில் விட்டு, சொந்த முஷ்டியையே பற்றி மேலே இழுக்கலாம். சத்தம் போட வேண்டும், ஆள் இருக்கும் கடைப் பக்கம் ஓட வேண்டும். 181 என்ற எண்ணையும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

அடுத்த தடவை தம்பி வந்தபோது வாசலிலேயே கையை நீட்டினாள். முதல் தடவை உருவிவிட்டாள், அவன் எதிர்பார்க்கவில்லை. "இன்னொருக்கா" என்றான். இப்போது இறுக்கிப் பிடித்தான், வரவில்லை. எனக்குத் திக்கென்றது. அவள் அழவில்லை. குதிகாலால் அவன் பாதத்தில் ஒரே மிதி, கூடவே தெருவே அதிரும்படி ஒரு கத்தல். தம்பி துள்ளிக் கையை விட்டான். பக்கத்து வீட்டு ஆத்தா விளக்குமாற்றோடு ஓடி வந்தார். "ஏண்டா, புள்ளய என்னடா பண்றே?" என்று 82 கிலோ ஆளைத் திண்ணை மூலைக்கே துரத்திவிட்டார். ஆத்தாவின் எடை 40 கிலோகூட இருக்காது.