பட்டணத்தைப் பழித்து என்ன பயன்?

பட்டணத்துவாசிகள் தங்கள் பட்டணத்தைப் பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள். கேட்டதென்ன, நீங்களே பேசியும் இருப்பீர்கள்! "இதுவும் ஓர் ஊரா? குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. வானம் திறந்தால் வீட்டுக்குள் ஆறு வருகிறது. கூவத்தைக் கடக்கையில் மூக்கைப் பிடிக்க வேண்டும், வாடகையைக் கேட்கையில் நெஞ்சைப் பிடிக்க வேண்டும், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டுக் கொசுவுக்கு இரத்தத்தையும் கொடுக்க வேண்டும்" என்று மூச்சுவிடாமல் அடுக்குவர். அடுக்கி முடித்ததும், வெளியூர்க்காரர் ஒருவர், "ஆமாம், சென்னை மகா மோசமான ஊர்" என்று ஒத்துப் பாடிவிட்டால் போதும் – கண் சிவந்துவிடும்! "எங்கள் ஊரைப் பற்றி உமக்கென்ன தெரியும்? வந்தாரையெல்லாம் வாழவைத்த ஊர் இது. மாலையிலே மெரினாவில் வீசும் காற்று உம்முடைய ஊரில் வீசுமா?" என்று மல்லுக்கு நிற்பர்.

திட்டுவதும் அவரே, தாங்கிப் பேசுவதும் அவரே. பெற்ற தாயைப் பிள்ளை குறை கூறலாம், பக்கத்து வீட்டுக்காரர் கூறலாகாது என்பதுபோல இதுவும் ஒரு பாசம். இந்தப் பாசத்தை நாம் ஏளனம் செய்யப் போவதில்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமலும் விடப் போவதில்லை: காலையிலே வசை, மாலையிலே வாழ்த்து என்று பட்டணத்தார் காலங்கழிக்கிறார்களே, இதனாலே நிம்மதியாக உறங்குகிறவர் யார்?

சென்னையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலே, காஞ்சிபுரம் மாவட்டத்திலே, உத்திரமேரூரை அடுத்து இருக்கிறது திருப்புலிவனம். புலிக்கால் முனிவர் வழிபட்ட தலமென்று புராணம் பேசுவர். புலியும் இன்று இல்லை, வனமும் இல்லை. வயல் உண்டு, பழைய சிவன் கோயில் உண்டு, கோயிற் சுவரிலே சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு, படித்துவிட்டு ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போகும் பிள்ளைகள் உண்டு. இதைப் படிக்கின்ற நீங்களே அந்த வட்டாரத்திலிருந்து போய் வேளச்சேரியிலோ வியாசர்பாடியிலோ குடியேறியவராக இருக்கலாம். பொங்கலுக்கு ஊர் திரும்புகையிலே பட்டணத்தைப் பழிக்கிறீர்கள். பொங்கல் முடிந்து பேருந்து ஏறுகையிலே, "அப்பாடா, நம் ஊருக்குப் போகலாம்" என்கிறீர்கள். எது உங்கள் ஊர் என்று கேட்டால் விடை சொல்லச் சற்றே தடுமாறுகிறீர்கள்.

தடுமாற வேண்டியதில்லை. இரண்டும் உங்கள் ஊரே. ஏனெனில் ஒன்றைத் தின்றுதான் மற்றொன்று வளர்கிறது! சென்னையிலே எழும்பும் அடுக்குமாடிக்குக் கல் எங்கிருந்து போகிறது? உத்திரமேரூர் வட்டாரத்துக் குன்றுகளை உடைக்கும் குவாரிகளிலிருந்தும் போகிறது. மணல்? பாலாற்றைச் சுரண்டிச் சுரண்டி, படுகையிலே பாறையும் களிமண்ணும் பல்லிளிக்கும்வரை அள்ளிப்போன கதையைக் கரையோரத்து உழவரைக் கேளுங்கள். தாம்பரம், பல்லாவரம் போன்ற புறநகர்ப் பகுதிகளுக்குக் குடிநீர் தந்ததும் அந்தப் பாலாற்றுப் படுகையே. கோடைதோறும் பட்டணத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் வயற்கிணறுகளிலே குழாயை இறக்கி லாரி லாரியாக நீரை ஏற்றுகிறார்கள். பட்டணத்தார் அந்த லாரிக்காரரைத் திட்டுகிறார். சிற்றூரார் பட்டணத்தாரைத் திட்டுகிறார். ஏரிகளைக் காக்கவேண்டிய ஆளவந்தார்களோ இரு தரப்பின் வசைக்கும் எட்டாத உயரத்திலே அமர்ந்திருக்கிறார்கள்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளை மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்திலே ஒரே நாளில் 49 செண்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றிலே திறந்துவிடப்பட்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் – எங்கும் வெள்ளம். அப்போது மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள்; பள்ளிவாசல்களும் கோயில்களும் மாதா கோவில்களும் கதவு திறந்தன; முன்பின் அறியாதவர் முன்பின் அறியாதவருக்குச் சோறு சமைத்தார்கள். மனிதர் மனிதராக நடந்துகொண்ட நாட்கள் அவை. போற்றுவோம், ஒருமுறைக்கு நூறுமுறை போற்றுவோம்!

ஆனால் பிறகு நடந்தது என்ன? "இதுதான் சென்னையின் மனம்! எத்தனை துன்பம் வந்தாலும் எழுந்து நிற்கும் நகரம்!" என்று பாராட்டுப் பத்திரம் படிக்கத் தொடங்கினார்கள். பாராட்டு யாருக்கு? படகோட்டிய மீனவருக்கா? அவருடைய குப்பத்திலே கழிவுநீர் வடிய இன்னும் வழி இல்லையே! அந்தப் பாராட்டு, விடை சொல்ல வேண்டியவர்கள் ஒளிந்துகொள்ளும் திரைச்சீலையாகப் பயன்பட்டது. மக்களின் மனம் பெரிது, மனம் பெரிது என்று பேசிப் பேசியே மதகைத் திறந்த கைகளைப் பற்றிய பேச்சை அமுக்கினார்கள். மத்திய தணிக்கைத்துறை 2018இலே சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தன் அறிக்கையிலே அதனை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே குறித்தது. அந்த அறிக்கையை எத்தனை தெருமுனைகளிலே விவாதித்தோம்? சென்னை மனத்தைப் பற்றிய பாட்டையும் படத்தையும் கைப்பேசியிலே ஆயிரம் பேருக்கு அனுப்பினோம். அறிக்கையை அனுப்பினோமா?

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 2019 கோடையிலே பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு வெடித்தன. வெள்ளத்திலே மூழ்கிய அதே நகரம் குடத்தோடு வரிசையில் நின்றது. உணவு விடுதிகள் நேரத்தைக் குறைத்தன; அலுவலகங்கள் ஊழியரை வீட்டிலேயே இருந்து வேலை பாருங்கள் என்றன. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளிலே 25 இலட்சம் லிட்டர் நீர் ஏற்றிய ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை தோரணத்தோடு வரவேற்பு! ஆற்றங்கரையிலே, கடற்கரையிலே, ஆயிரக்கணக்கான ஏரிகள் இருந்த தொண்டை மண்டலத்தின் தலைநகருக்கு இரயிலிலே தண்ணீர் வருகிறது. அதற்கு மாலை வேறு! வெட்கப்பட வேண்டியதற்கு விழா எடுக்கும் வித்தையை என்னென்பது?

வெள்ளமும் வறட்சியும் இருவேறு நோய்கள் என்று எண்ணுவோர் உளர். ஒரே நோய்தான். மழையை வாங்கி வைக்கும் வயிறு சுருங்கிவிட்டது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அரை நூற்றாண்டுக்கு முன் ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீட்டர் பரந்திருந்தது என்பர். 2022இலே ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது எஞ்சியிருந்த பகுதி 1,248 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரைச் சதுரக் கிலோமீட்டர்! அதன் மடியிலேயே பெருங்குடிக் குப்பைமேடு. அதன் தோளிலே கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள். பட்டா கொடுத்தவர் யார், வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தவர் யார், மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் வழங்கியவர் யார்? ஒவ்வொரு தாளிலும் ஒரு கையெழுத்து இருக்கும். "சென்னை மோசம்" என்னும்போது அந்தக் கையெழுத்துகள் எல்லாம் அழிந்துபோகின்றன. குற்றவாளி ஊராகிவிடுகிறது! ஊரைக் கூண்டிலே நிறுத்த முடியுமா? குறுக்கு விசாரணை செய்ய முடியுமா?

"மக்கள் தொகை மிகுந்துவிட்டது, சிற்றூர்களிலிருந்து வந்து குவிகிறார்கள், என்ன செய்வது?" என்று சில பெரிய மனிதர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். வந்து குவிந்தவர் கட்டிய சுவருக்குள் அமர்ந்துகொண்டு, வந்து குவிந்தவர் ஓட்டும் வண்டியிலே போய்க்கொண்டு விடும் பெருமூச்சு அது! சரி, வந்தவரை எங்கே வைத்தீர்கள்? கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்தவரை ஆக்கிரமிப்பாளர் என்று பெயர்த்தெடுத்து, கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டினீர்கள். வேலை ஓரிடம், வீடு இருபது கல் தொலைவு. வெள்ளத்திலிருந்து காப்பதற்காகப் பெயர்த்தோம் என்றீர்கள். செம்மஞ்சேரியிலும் மழைக்காலத்திலே வெள்ளம் வீட்டுக்குள் வரத்தானே செய்கிறது! சதுப்பு நிலத்தைச் சாப்பிட்ட மாளிகைக்கு மட்டும் எந்தப் புல்டோசரும் வழி கண்டுபிடிக்கவில்லை. "வெறுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை" என்று பட்டணத்தைப் பற்றி உருகிப் பேசுவதற்குக்கூட ஒரு வசதி வேண்டும், தோழர்களே. பெரும்பாக்கத்துத் தாய்க்கு அந்த வசதி இல்லை. அவள் விட்டு வந்ததும் அவள் விருப்பத்தால் அன்று.

இனி, உத்திரமேரூருக்கு வாருங்கள். வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலே முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை என்று ஆய்வாளர் கூறுவர். குடவோலை முறையைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறார்கள். வடக்கே டெல்லிவரை அதன் புகழ் பாடப்படுகிறது. பாடுவோரிலே படித்தவர் எத்தனை பேர் என்பதுதான் ஐயம். முப்பது குடும்புகள். ஓலையிலே பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், அவற்றோடு ஏரி வாரியம். ஆம், ஏரிக்கென்றே ஆறு பேர் கொண்ட ஒரு வாரியம்! பதவிக் காலம் 360 நாட்கள். வைரமேக தடாகம் என்று கல்வெட்டுகள் அழைக்கும் அவ்வூர் ஏரியைக் காப்பது அவர் கடமை.

இவற்றையெல்லாம்விடக் கூர்மையானது, மேடைகளிலே அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் பெயரை மறுபடி குடத்திலிடலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது! மாமன், மச்சான், சிற்றன்னை மகன் என்று உறவுமுறைகளையே கல்லிலே பட்டியலிட்டிருக்கிறார்கள். முதல் விதி சரிவரவில்லை என்று கண்டதும் இரண்டே ஆண்டிலே அதைத் திருத்தினார்கள். முதற் கல்வெட்டிலே வயது 30 முதல் 60 வரை. அடுத்ததிலே 35 முதல் 70 வரை.

அந்தச் சபையை நாம் பொற்காலம் என்று பூசிக்க வரவில்லை. அது சதுர்வேதிமங்கலம். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும் உடையவனுக்கே அங்கே இடம். பெண்ணுக்கு இடமில்லை; உழுதவனுக்கு இடமில்லை; ஏரியிலே மண் சுமந்தவனுக்கு இடமில்லை. ஒரு சிலருக்காக ஒரு சிலர் நடத்திய ஆட்சி அது. ஆனால் அந்தச் சிலர் தங்களுக்குள்ளே விதித்துக்கொண்ட கண்டிப்பைக்கூட, எல்லோருக்கும் வாக்குரிமை வந்த இந்நாளிலே எல்லோருக்குமாக நாம் விதிக்கவில்லையே என்பதுதான் நம் கேள்வி.

நம் நாளிலே நடந்ததைப் பாருங்கள். சென்னை மாநகராட்சி 1688இலே தோன்றியது. இந்நாட்டிலேயே மூத்தது என்று பெருமை. 1973இலே மஸ்டர் ரோல் ஊழலைக் காட்டி மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் எப்போது? 1996இலே! இருபத்து மூன்று ஆண்டுகள், ஒரு தலைமுறை, ரிப்பன் மாளிகையிலே மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினரும் இல்லை. மீண்டும் 2016 அக்டோபரிலே மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் வந்தது 2022 பிப்ரவரியிலே. குடத்தோடு தெருவிலே நின்ற அந்த 2019இலே உங்கள் வட்டத்துக்கு மாமன்ற உறுப்பினர் என்று ஒருவரும் இருந்ததில்லை. யாரிடம் போய்க் கேட்டிருப்பீர்கள்? அதிகாரிகள் ஆண்டார்கள்; ஊர் மீது பழி போட்டுவிட்டு நீங்கள் ஓய்ந்தீர்கள்.

பட்டணம் மட்டுமா? குடவோலை கண்ட உத்திரமேரூர் ஒன்றியத்திலே, திருப்புலிவனம் உள்ளிட்ட ஊராட்சிகளிலே, 2016 முதல் 2021 அக்டோபர்வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் இல்லை. மாவட்டத்தைப் பிரித்தோம், வட்டத்தைப் பிரித்தோம் என்று காரணம் காட்டினார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் 360 நாளுக்கு ஒருமுறை குடம் வைத்த மண்ணிலே ஐந்தாண்டு காலம் வாக்குப் பெட்டி வைக்க ஆளில்லை! கல்வெட்டுக்கு மட்டும் விளக்குப் போட்டுப் பயணிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆயினும் ஒன்றிலே சிற்றூரான் பட்டணத்தானுக்கு மூத்தவன். அவனுக்குக் கிராம சபை உண்டு. வாக்காளர் எவரும் எழுந்து நின்று, "ஏரி மதகுக்கு எவ்வளவு செலவாயிற்று? கணக்கைப் படியுங்கள்" என்று கேட்கலாம். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வேண்டுமென்று 2022இலே பரந்தூரைக் குறித்தபோது, ஏகனாபுரத்து மக்கள் தங்கள் ஏரியும் வயலும் போகக்கூடாதென்று கிராம சபையிலே மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டார்கள். அவர்கள் கேட்டது கிடைப்பது வேறு. கேட்பதற்கு ஒரு மன்றமும், எழுதி வைப்பதற்கு ஓர் ஏடும் அவர்களிடம் இருந்தன. "எங்கள் ஊரை நேசிக்கிறோம்" என்று அவர்கள் உருகிக்கொண்டிருக்கவில்லை. தீர்மான எண் போட்டுப் பேசினார்கள்.

பட்டணத்தாருக்கும் வழி திறந்திருக்கிறது. 2022இலே விதி வகுத்து, வட்டக் குழுவும் பகுதி சபையும் நகரங்களுக்கு வந்துவிட்டன. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி நாளன்று, பகுதி சபைகள் கூட்டப்பட்டன. படங்கள் ஏடுகளிலே வெளிவந்தன. அதற்குப் பின்? அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்திலே, வண்டி நிறுத்தும் இடத்துக்காக நள்ளிரவுவரை வாதாடுகிறவர், பகுதி சபை என்ற ஒன்று இருப்பதையே அறியாதிருக்கிறார். அறிவிக்க வேண்டியவர்களும் அறிவிக்க ஆவல் கொண்டதாகத் தெரியவில்லை. கூட்டம் கூடினால் கணக்குக் கேட்பார்களே!

உங்கள் தெருவிலே மழைநீர் வடிகால் தோண்டியிருப்பார்கள். தோண்டிய பள்ளத்தைத் திட்டியிருப்பீர்கள். அது எந்தக் கால்வாயிலே போய்ச் சேர்கிறது, அந்தக் கால்வாய் எந்த ஏரியின் போக்குக் கால்வாயாக இருந்தது, ஒப்பந்தக்காரர் யார், தொகை எவ்வளவு, வேலை முடிந்ததென்று கையெழுத்திட்ட பொறியாளர் யார்? உங்கள் வட்டத்துப் பகுதி சபை கடைசியாக எந்த நாளிலே, எந்த இடத்திலே கூடிற்று? அங்கே எத்தனை பேர் இருந்தார்கள்? நீங்கள் இருந்தீர்களா?